என்ன விஷயமாக அழைக்கிறீர்கள்?

1

இந்தக் கதைக்குக் காரணம் என் அக்கா. போன வாரம் என் போன் புது அப்டேட் வாங்கிக்கொண்டது. தெரியாத எண்ணிலிருந்து யாராவது அழைத்தால் இனி அதுவே எடுத்து, யார், என்ன விஷயம் என்று விசாரித்து, பதிலை எழுத்தாகத் திரையில் காட்டுமாம். புது சிம் வாங்கிய அக்கா அதனிடம் மாட்டிக்கொண்டாள். "ஒங்கூடப் பொறந்தவடா, வேற இன்னா விஷயம் வேணும்?" என்று திரையில் வந்தது. சிரித்து முடித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "மரக்காணம் உப்பளத்தில் வெயில் வெள்ளையாக…"

வேண்டாம். உப்பளம் என்றாலே வெயிலைப் பிடித்துக்கொள்வது எனக்கு ஒரு வியாதி.

இரண்டாவது: "பெண்டாட்டியோடு கோபித்துக்கொண்டு போன மாயவன்…"

இதுவும் வேண்டாம். புருஷன் பெண்டாட்டி சண்டையில் மூக்கை நுழைத்தால் கடைசியில் திட்டு எனக்குத்தான் விழும். மாயவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். [அங்கே நன்றாகத் தூங்குகிறான்.]

3

அம்சவள்ளியும் சூர்யகலாவும் ஒரே உப்பளத்தில் உப்பு சுமந்தவர்கள். நிறைந்த உப்புக்கூடையைத் தன் தலையில் தானே ஏற்றிக்கொள்ள முடியாது, பக்கத்தில் ஒருத்தி தூக்கிவிட வேண்டும். பல வருடமாக இவளுக்கு அவள், அவளுக்கு இவள்.

பிறகு சூர்யகலாவுக்கு ஆரோவில்லில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்தது. சொன்னால் அம்சவள்ளி அழுவாள் என்று சொல்லாமலே போய்விட்டாள். மறுநாள் நிறைந்த கூடைக்குப் பக்கத்தில் அம்சவள்ளி நெடுநேரம் நின்றாள். விஷயம் அடுத்தவர் வாயால்தான் தெரிந்தது. அந்த ஆத்திரத்தில் சூர்யகலாவின் எண்ணை போனிலிருந்து அழித்தாள்.

4

அழித்த எண் போனுக்குத் தெரியாத எண்தான். அம்சவள்ளியின் போனும் சார்ஜில் கிடந்தபோது தானாகவே அப்டேட் ஆகியிருந்தது. [அது தமிழ் பேசுமா என்று கேட்காதீர்கள். என் கதையில் பேசும்.]

இன்று சூர்யகலா அழைத்தாள். போன் எடுத்தது. உப்பள வெயிலில் திரை தெரியாததால் அம்சவள்ளி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, குனிந்து படித்தாள்.

"யார் பேசுகிறீர்கள்?"

"ஏய், மொதல்ல நீ யாரு?"

"என்ன விஷயமாக அழைக்கிறீர்கள்?"

இந்த இடத்தில் சூர்யகலாவை "என்னை மன்னி…" என்று பேசவைத்தேன். அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. "நீ இல்லாமல் எனக்கு…" அசல் சினிமா. அடித்துவிட்டு ஒரு டீ குடித்து வந்தேன். திரையில் எழுத்து வந்திருந்தது:

"விஷயம்லாம் ஒண்ணும் இல்லம்மா. அவளுக்கு இப்ப யாரு கூடை தூக்கி வுடறாங்கன்னு கேக்கணும். அவ்ளோதான்."

இவள் மேல் இனி என்னால் கோபப்பட முடியாது.

5

அம்சவள்ளியாலும் முடியவில்லை. "எரும மாடு, இப்பத்தான் கேக்கத் தோணிச்சா ஒனக்கு?" என்று முனகிக்கொண்டே திரையைத் தொட்டாள். விரலெல்லாம் உப்புத்தண்ணீர். போன் ஏற்கவில்லை. சேலையில் துடைத்தாள். சேலையும் நனைந்துதான் இருந்தது. மறுபடி தொட்டாள்.

முடிவு ஒன்று: அழைப்பு தானே நின்றுபோகிறது. எடுக்க மனமில்லை போலும் என்று சூர்யகலா இனி கூப்பிட மாட்டாள். அம்சவள்ளியும் தானாகக் கூப்பிட மாட்டாள். வீம்பில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. இந்த முடிவை எழுத எனக்கு மனம் வரவில்லை.

முடிவு இரண்டு: காய்ந்த கையோடு மாயவன் ஓடிவந்து… அவனைத்தான் நானே அனுப்பித் தொலைத்தேனே!

"சற்றுக் காத்திருங்கள்" என்கிறது போன்.

"இருக்கறேன், இருக்கறேன்" என்கிறாள் சூர்யகலா.

இந்தக் கதையில் காய்ந்த விரல் இப்போது உங்களுடையது ஒன்றுதான். கொஞ்சம் தொடுங்களேன்.