பூஜை நாளில் மாட்டிய சக்கரம்

சின்னமனூரில் முப்பது வருடமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பெட்டியில் வரும் ரெடிமேட் வீலை அப்படியே மாட்டிக் கொடுப்பவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. மெஷின் முறுக்கிய ஸ்போக்ஸ் கம்பிகள் இளக்கமாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் நிப்பிள் சாவி போட்டு இறுக்கி, கோட்டம் எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லித் திரிந்த வாய் இது.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் அபிதா வந்தாள். மார்க்கையன்கோட்டைப் பெண், பிளஸ் டூ படிக்கிறாள். பயிற்சியின்போது பள்ளத்தில் விட்டு முன் ரிம்மை வளைத்துவிட்டாள். மறுநாள் காலையில் கம்பம் போய்த் திரும்பும் பந்தயம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களில் முதலாவதாக வரும் பெண்ணுக்கு மட்டும் மாநிலப் போட்டியில் இடம். அவளுக்கு அடுத்த மாதம் பதினெட்டு முடிகிறது. இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

என் சாமான்களெல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்தின் முன்னால் இருந்தன. கும்பிட்டு வைத்ததை மறுநாள் பூஜை எடுக்கும்வரை தொடக்கூடாது. அன்றைக்கு எந்தக் கடையிலும் அப்படித்தான்.

"இன்னைக்குச் சாமானத் தொடக்கூடாதே ஆத்தா."

"எங்கிட்ட ஸ்பேனர் இருக்கு மாமா" என்று பையிலிருந்து எடுத்தாள்.

அது கும்பிடாத ஸ்பேனர். டயரை மாற்றிப் பெட்டியில் வந்த புது வீலை மாட்டினேன். சுற்றிவிட்டால் ஆடாமல்தான் ஓடியது. கம்பிகளை அமுக்கிப் பார்த்தபோது விரலுக்கு இளக்கம் தெரிந்தது. இறுக்க வேண்டிய நிப்பிள் சாவியோ சாமி படத்தின் முன்னால் இருந்தது. தெரிந்தும், "நாப்பது கிலோமீட்டருக்கு ஒண்ணும் ஆகாது, தைரியமாப் போ" என்றேன்.

கம்பம் தொட்டுத் திரும்பும்வரை அவள்தான் முன்னால் வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு வீல் ஆட ஆரம்பித்து, ரிம் பிரேக்கில் உரசியிருக்கிறது. அந்த உரசலோடேயே மிதித்து வந்தாள். என் கண் முன்னால்தான் எல்லையைத் தொட்டாள், ஒரு சைக்கிள் நீளம் பின்னால், இரண்டாவதாக.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேராக என் கடைக்குத்தான் வந்தாள். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"நேத்து மாதிரியே எங்கனயோ பள்ளத்துல விட்டுட்டேன் போல மாமா. எங்க பி.டி. சாரும் அதத்தான் சொன்னாக. நல்ல நாளும் அதுவுமா நீங்க மாட்டிக் குடுத்தீக, நாந்தான் கெடுத்துட்டேன்."

சொல்லியிருக்க வேண்டும். உன் தப்பில்லை ஆத்தா, என் தப்பு என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. வாசலில் நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைப் பெயர் கெட்டுவிடுமே என்று பயந்தேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

"பாத்து ஓட்டணும் ஆத்தா" என்றேன்.

"சரி மாமா" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.