பாலாயில் வைக்காத பெட்டி

இருட்டோடு எழுந்தான் குணாளன். பல் விளக்கினான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். கொடியில் கிடந்த சட்டையை உதறி நாற்காலியின் முதுகில் போட்டான். கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, வாசலுக்குப் போய் ரோகினியின் மோட்டார் சைக்கிளை சோக் இழுத்து உதைத்தான். இரண்டு உதைக்குச் செருமியது, அடுத்ததில் பிடித்துக்கொண்டது. பழைய வண்டி. காலையில் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்காவிட்டால் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே முதல் மேட்டிலேயே நின்றுவிடும். கல்யாணமான மறுவாரத்திலிருந்து அது அவன் வேலை. அது சூடாவதற்குள் அவள் தலை வாரி, ஹெல்மெட்டைக் கையில் கோத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

புகை வாசலில் போட்டிருந்த பந்தலுக்குள் போனது. அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமனார் முனியாண்டிதான் எழுந்து வந்து சாவியைத் திருகினார்.

"உள்ள போங்க மாப்ள."

உள்ளே, முன்னறையில், ரோகினி பெட்டிக்குள் இருந்தாள்.

தலையில் நரம்பு வெடித்துவிட்டது என்று நேற்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முப்பத்தொரு வயதுக்காரிக்கு அப்படி வருமா என்று கேட்டான். வரும் என்றார் டாக்டர், அவனைவிட இளையவர். பொழுது சாய்ந்த பிறகுதான் பெட்டியோடு கொடுத்தார்கள். மஞ்சள் புடவை. நெற்றியில் பெரிய பொட்டு. அவள் வைத்துக்கொள்வது சின்னது.

அவனால் பெட்டிக்கருகே உட்கார முடியவில்லை. எழுந்து போய், நிரம்பியிருந்த தண்ணீர்ப் பானையை நிரப்பினான். மின்விசிறியைத் திருப்பி வைத்தான். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தான். அது அவளுடைய போன்.

"கடைசியா என்னய்யா சொன்னா?" பெட்டியின் தலைமாட்டிலிருந்து ராக்கம்மா கேட்டாள். முனியாண்டியின் தங்கை. ரோகினிக்கு அத்தை, தோட்டம் முழுவதற்குமே அத்தை. "ஒன்னுமா சொல்லல?"

நேற்றிலிருந்து எல்லோரும் இதையே கேட்டார்கள். ஆஸ்பத்திரித் தாதி கேட்டாள். போலீஸ்காரர் கேட்டார். கெமாஸிலிருந்து வந்த அவன் அண்ணன் கேட்டான். குணாளன் ஒவ்வொரு தடவையும் தலையை மட்டும் ஆட்டினான். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்போது கீழேயிருந்து சத்தம் கேட்டது. "தூக்குங்கலா! மெல்ல! வயரு, வயரு!"

அது பாலாய்ப் பக்கம். குணாளன் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கினான்.

புக்கிட் பெலண்டோக் சாலையிலிருந்து உள்ளே போகும் அந்தத் தோட்டத்தில் பொது மண்டபத்தை எல்லோரும் பாலாய் என்பார்கள். வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகள் குறுகல். பெட்டியை நுழைத்தால் வருகிறவர்களுக்கு இடம் இருக்காது. அதனால் தோட்டத்தில் யார் இறந்தாலும் பாலாயில் வைத்துத்தான் எடுப்பார்கள். பாலாயில் வைக்காமல் எடுத்தது ஒரே ஒரு ஆளைத்தான். நாண்டுகொண்டு செத்தவன். அவன் பெயரை இன்றுவரை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

இப்போது அந்தப் பாலாயில் வெல்டிங் வகுப்பு நடந்தது. அது ரோகினியின் வேலை. லுக்குட் போகிற சாலையில் இரும்புச் சட்டம் செய்யும் கம்பெனி ஒன்று வந்தபோது, ஆளெல்லாம் வெளியிலிருந்துதான் வந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளோ சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் அறை எடுத்துக்கொண்டு பேரங்காடிகளில் வேலைக்கு நின்றார்கள். லயத்தில் பாதி வீடுகளில் பூட்டு. ரோகினி கம்பெனி வாசலுக்குப் போனாள். காவலாளி திருப்பி அனுப்பினான். மறுபடி போனாள். ஒரு வருஷம் போனாள். கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. மெஷின்கள், வாத்தியார், தேறுகிறவர்களுக்கு வேலை, இதெல்லாம் கம்பெனி தரும். இடமும் தண்ணீரும் கூட்டிப் பெருக்குவதும் தோட்டத்தார் பொறுப்பு. வகுப்பு நடக்கும்வரை பாலாய் வேறு எதற்கும் இல்லை. தோட்டத்தார் சார்பில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

அன்றைக்குக் கூட்டத்தில் ராக்கம்மா எழுந்து கேட்டாள். "அதெல்லாம் சரிடி. அடுத்த சாவ எங்க வைப்ப?"

"பரீட்ச முடியுற வரைக்கும் யாரும் சாவாதீங்க அத்த. அது ஒன்னுதான் நான் கேக்குறது."

கூட்டமே சிரித்தது. ராக்கம்மாதான் அதிகம் சிரித்தாள். "அப்ப நான் மாத்திரைய ஒழுங்கா முழுங்குறேன்லா!"

பரீட்சை இன்றைக்கு.

பாலாயின் இரண்டு கதவுகளும் விரியத் திறந்திருந்தன. மெஷின்களைத் தூக்கி வந்து புல்லில் வைத்திருந்தார்கள். உள்ளே தடுப்புகளைப் பிரித்து, தரையைக் கழுவி, நடுவில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. சாவு என்றால் பாலாயைக் கழுவ வேண்டும்; கை அதுவாகச் செய்துவிட்டது. வகுப்பில் படித்த பையன்களே தங்கள் மெஷின்களைத் தூக்கி வெளியே வைத்திருந்தார்கள். மேகம் கறுத்திருந்தது.

பின்னாலேயே முனியாண்டியும் வந்து நின்றார். முன்பு வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தவர். இன்னமும் அவர் கை காட்டிய பக்கம் ஆட்கள் திரும்பினார்கள்.

"மாமா, இன்னிக்கிப் பரீட்ச."

"தெரியும்."

"கோலாலம்பூர்லேர்ந்து அசெசர் வர்றாரு, சோதிக்க."

"வரட்டும். வந்து கும்பிட்டுட்டுப் போவட்டும்."

"பாலாய வேற எதுக்கும் தரமாட்டோம்னு அவளே எழுதிக் கொடுத்திருக்கா மாமா."

"அவ எழுதுனது ஊர்ல மத்தவங்க சாவுக்கு. அவ சாவுக்கு இல்ல." முனியாண்டியின் குரல் உயரவில்லை. "அவ அம்மாவ இங்கதான் வெச்சோம். எம்புள்ளைய வீட்லேர்ந்து எடுத்தா நாளைக்கி என்ன பேசுவானுங்க? நாண்டுக்கிட்டவன் மாதிரியா?"

அவர் சொன்னது சரி என்றுதான் குணாளனுக்கும் பட்டது.

கார் ஒன்று வந்து நின்றது. கம்பெனியில் பயிற்சியைக் கவனிக்கும் பிரெண்டன், கம்பெனி பெயர் எழுதிய பெரிய மலர் வளையத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு இறங்கினான். புல்லில் கிடந்த மெஷின்களைப் பார்த்தான். வளையத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் காரின் மேலேயே சாய்த்து வைத்தான்.

"ப்ரோ," என்று குணாளனின் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனான். "அசெசர் பாதி வழி வந்துட்டாரு. நான் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டேன். ராத்திரியே கேட்டேன். இந்தத் தேதி போச்சுன்னா அடுத்தது எப்பன்னு அவங்களுக்கே தெரியாது. அதுக்குள்ள எங்க மேல உள்ளவங்க மெஷின ஏத்திட்டுப் போயிருவாங்க. வேற தோட்டம் கேட்டுக்கிட்டுதான் இருக்கு. பொய் சொல்லி உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வரல."

"பிள்ளைங்க?"

"அவங்களக் கேளுங்க."

டான்யா பாலாய்ச் சுவரோரம் குந்தியிருந்தாள். முன்பு பெடாஸில் ஒரு பேரங்காடியில் காசாளராக இருந்தவள். வகுப்பில் அவள் வைக்கும் வெல்டிங் ஒட்டுதான் நேராக வரும் என்று ரோகினி வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் நிமிராமலே சொன்னாள். "அக்கா அங்க படுத்திருக்காங்க. நான் எப்படிண்ணே இங்க நெருப்பு அடிக்கிறது?"

முதல் தூறல் விழுந்தது. ஒரு மெஷினின் மூடியில் டக்டக்கென்று சத்தம் கேட்டது. யாரோ தார்ப்பாய் தேடி ஓடினார்கள்.

குணாளன் மாமனாரிடம் திரும்பி வந்தான். என்ன சொல்வதென்று யோசித்து வரவில்லை. சும்மா நிற்க முடியாமல் வந்தான்.

முனியாண்டி தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவரும் அதையே கேட்டார். "நீங்கதான மாப்ள கூட இருந்தீங்க. கடைசியா என்ன சொன்னா எம்புள்ள?"

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள்.

"பரீட்ச நின்னுறக் கூடாதுன்னு சொன்னா மாமா." குழாயைத் திறந்ததுபோல் வந்தது. "பாலாய்லதான் நடக்கணும்னு சொன்னா."

முனியாண்டி அவனைப் பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். குனிந்து, பக்கத்தில் கிடந்த மெஷினின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் புடிங்க," என்றார்.

நான்கு பேர் தூக்கி வந்ததை இரண்டு பேர் தூக்கினார்கள். வாசற்படியில் குணாளனின் வெறுங்கால் வழுக்கியது. கிழவர் விடவில்லை. அவர்கள் இறக்கி வைத்துவிட்டு நிமிர்வதற்குள் மற்ற மெஷின்கள் பின்னால் வந்துகொண்டிருந்தன. டான்யா எழுந்து தோல் கவசத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

முன்னறையில் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சடங்கு செய்ய வந்த பண்டாரம் பாடத் தொடங்கினார். பாதிப் பாட்டில் பாலாயிலிருந்து 'சர்ர்ர்' என்று சத்தம் எழுந்தது. பண்டாரம் நிறுத்தினார்.

"சாவு வீட்ல இது என்னலா கூத்து?" என்றாள் வெளியூர்ப் பெண் ஒருத்தி.

"வாய மூடு," என்றாள் ராக்கம்மா. "அவ கடைசி ஆச அது. சாவுற நேரத்துல புருசன் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாளாம், பிள்ளைங்களக் கைவிட்டுறாதீங்கன்னு. மூச்சு வாங்க வாங்கச் சொல்லியிருக்கா." அவள் கண்கள் நிஜமாகவே வழிந்தன.

மதியத்துக்குள் அது இன்னும் வளர்ந்தது. பந்தலில் தேநீர் குடித்தவர்கள், அவள் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொன்னதாகப் பேசிக்கொண்டார்கள். குணாளன் காதில் விழுந்தது. அவன் காலி கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். கழுவிய கிளாஸ்களை மறுபடி கழுவினான். பண்டாரம் சொன்னதையெல்லாம் செய்தான். அரிசி போடச் சொன்னார், போட்டான். சுற்றி வரச் சொன்னார், வந்தான். வெல்டிங் சத்தம் நிற்கும்போதெல்லாம் ஏன் நின்றது என்று காது அங்கே போனது.

பெட்டியை எடுத்தார்கள். சவ வண்டி லயத்தை விட்டு மெல்ல இறங்கியது. பாலாய்க்கு முன்னால் முனியாண்டி கை காட்டினார். வண்டி நின்றது.

உள்ளேயிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தோல் கவசம், கனத்த கையுறை, நெற்றிக்கு மேலே தூக்கிவிட்ட முகமூடி. முகத்தில் முகமூடி மறைத்த இடம் மட்டும் வெளுத்து, கழுத்தெல்லாம் கரி. சோதிக்க வந்த மலாய்க்காரர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு கடைசியில் நின்றார். யாரும் அழவில்லை. டான்யா கையுறையைக் கழற்றி, வண்டியின் கண்ணாடியை ஒரு தடவை தொட்டாள். கண்ணாடியில் ஐந்து விரல் கரி ஒட்டியது.

முனியாண்டி மறுபடி கை காட்டினார். வண்டி நகர்ந்தது.

மின்சுடலையிலிருந்து திரும்பி, குளித்து, குணாளன் ஈரத்தலையோடு வாசலில் நின்றான். பந்தல்காரர்கள் கம்பிகளை உருவிக்கொண்டிருந்தார்கள். பிரெண்டன் புறப்படுமுன் வந்தான்.

"டான்யா பாஸ். முக்கால்வாசிப் பேர் பாஸ் ப்ரோ. மத்தவங்க திரும்ப எடுக்கலாம். மெஷின் எங்கயும் போகாது, நான் பேசிட்டேன்." கார்ச் சாவியை விரலில் சுற்றினான், நிறுத்தினான். "மேலே கேட்டாங்க. அக்கா கடைசியா சொன்னத பாலாய் வாசல்ல ஒரு போர்டுல போடலாம்னு. தமிழ்லயும் மலாய்லயும். சரியா எப்படிச் சொன்னாங்கன்னு எழுதித் தர்றீங்களா?"

"நீங்களே எழுதிக்குங்க," என்றான் குணாளன்.

கார் போனது. மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் மிச்சம் இருந்தது. அதில் முனியாண்டி உட்கார்ந்திருந்தார். வண்டியின் இருக்கையில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரைப் புறங்கையால் வழித்துவிட்டார்.

"எம்புள்ள அப்படில்லாம் பேசமாட்டா மாப்ள," என்றார்.

குணாளன் அவரைப் பார்த்தான்.

"காலையிலயே தெரியும். மெஷினு மழையில நனைஞ்சிக்கிட்டு இருந்துச்சு. அதான்." மறுபடியும் இருக்கையைத் துடைத்தார். இப்போது அதில் தண்ணீர் இல்லை. "அவங்க போர்டுல எதையோ போட்டுக்கட்டும். எனக்குச் சொல்லுங்க. நெசமா என்ன சொன்னா?"

குணாளன் படியில் உட்கார்ந்தான். காலையிலிருந்து அவன் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. இதே படி. நேற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவன் முதுகைக் காட்டியபடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு காலில் மட்டும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து இங்கே உட்கார்ந்தாள். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறாளாக்கும் என்று நினைத்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் சொன்னபடியே, அவள் இழுத்த இழுப்போடு, அவரிடம் சொன்னான்.

"மோட்டார அடைங்க. எண்ணெ வீணாப் போவுது."