சோதனைக் கூடத்துக்கு மேல் மாடி

துறைமுக வாசலில் லாரிகள் நுழைந்து போகும் கதவுகளைச் செய்வது முதலாளியின் தொழில். சரக்குக்குள் யாராவது கதிர்வீச்சுப் பொருளை ஒளித்துக் கொண்டுபோனால் கதவு கத்திவிடும். இருபத்தாறு வருடமாக அதையே செய்துவந்த மனிதர், பதினெட்டு நாளுக்கு முன் அப்படியொரு பொருளைத் தானே விழுங்கியிருந்தார்.

தைராய்டில் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்ததும், மிச்சம் மீதியை அழிக்கக் கதிர்வீச்சு அயோடின் கொடுத்தார்கள். "ரெண்டு வாரம் வீட்டுல யார் பக்கத்துலயும் போகாதீங்க" என்றார் டாக்டர். முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருடம். பிள்ளைகள் இல்லை. தொழிற்சாலையில் வெளியூர் வேலை என்று சொல்லிவைத்தார்.

கெடு முடிந்து, தழும்பு தெரியாமல் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு வந்தார். இனி மனிதர்களுக்கு ஆபத்தில்லை. ஆனால் தன் கதவுகளைப் பற்றி அவருக்குத் தெரியாதா? உடம்பில் மிச்சமிருக்கும் துளிக்கும் அவை கத்தும். சோதனைக் கூடத்துப் பக்கமே போகாமல் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டார். நடுவில் இருக்கும் கான்கிரீட் தளம் தடுக்கப் போதும் என்று நினைத்தார். போதவில்லை.

கீழே சோதனைப் பிரிவுத் தலைவி திண்டாடிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் அவள் மீட்டரம்மா. "சும்மா நிக்கும்போதே அளவு ஏறுது, இறங்குது. பேய் புடிச்ச மாதிரி ஆடுது" என்று புலம்பினாள். வயரை மாற்றினாள். உணர்கருவியை மாற்றினாள். இரண்டாம் நாள் முதலாளி படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்தார். கதவைப் பிரித்துப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை.

மறுநாள் கதவை வாங்க வந்த துறைமுக அதிகாரி திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இதை நம்பி எப்படிங்க வாசல்ல நிறுத்துறது? நாங்க வேற இடம் பாத்துக்கிறோம்."

மீட்டரம்மாவின் முகம் செத்துப்போயிற்று. மேலே கேட்டுக்கொண்டிருந்த முதலாளி இறங்கி வந்தார். நேராகக் கதவுக்குள் நடந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. கூடமே அதிரக் கதவு கத்தியது.

"கதவு சரியாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல" என்று காலரைத் திறந்து காட்டினார்.

மீட்டரம்மா கைக்கருவியை அவர் பக்கம் நீட்டினாள். திரையில் அயோடின் என்று வந்தது. அதிகாரி அவரை வெளி வாசல்வரை அனுப்பிப் பார்த்தார். அளவு அடங்கியது. கூப்பிட்டார், ஏறியது. கதவை வாங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

மீட்டரம்மா முதலாளியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு நாளா மண்டையை உடைச்சுக்கிட்டேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லத் தோணலம்மா."

"உங்க அக்காவுக்காவது தெரியுமா?"

அவர் காலர் பட்டனை மறுபடி போடத் தொடங்கினார்.

"இப்பவே போன் போடுங்க. நான் இங்கேயேதான் நிப்பேன்."

தூரத்து ஊரில் இருக்கும் அக்காவுக்குக் காது மந்தம்.

"அக்கா, எனக்குக் கேன்சர் வந்துச்சு."

"என்னது, கேமராவா?"

"கேன்சர்க்கா! ஆபரேஷன் ஆயிடுச்சு! இப்ப நல்லாயிருக்கேன்!"

அவர் கத்தியதில் கூடத்தில் வேலை அப்படியே நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆஸ்பத்திரில யாருடா கூட இருந்தா?"

"யாரும் இல்லக்கா" என்றார் மெதுவாக.

"கேக்கலடா. சத்தமாச் சொல்லு."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை சொன்னார்.