அக்கா கை வைத்த அத்தியாயம்

தம்பி வந்து உட்கார்ந்தால் சொந்தக்காரர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். அவன் நாவல் எழுதுகிறவன். முதல் நாவலில், சண்டை முற்றும்போதெல்லாம் சரியாக மயங்கி விழுகிற ஒரு பெண்மணி வந்தாள். அதோடு சித்தி அவன் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டாள். இரண்டாவதில், பெண்டாட்டிக்குத் தெரியாமல் மீசைக்குச் சாயம் பூசும் ஒரு தபால்காரர். "நான் ரயில்வே. தபால்னு மாத்திட்டா எனக்குத் தெரியாதா?" என்று பெரியப்பா குதித்தார். "அவன் எதிர்ல தும்மக்கூடத் தும்மாதீங்க, அச்சுல வந்துரும்" என்று வீட்டில் எல்லோரும் எச்சரித்துக்கொள்வார்கள்.

அக்கா மட்டும் அதற்கெல்லாம் சிரிப்பாள். தட்டச்சுக் கடை வைத்திருந்தாள். இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், பைண்டிங் மெஷின், வாரத்தில் நாலு நாள் மட்டும் வரும் ஒரு உதவியாள். தம்பி கையால்தான் எழுதுவான், அந்தக் கோழிக்கிறுக்கலைப் படிக்கத் தெரிந்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். தன்னைப் பற்றி ஒரு வரி வந்தாலும் முதலில் தன் கண்ணில்தானே படும் என்ற தைரியம் அவளுக்கு.

பதினோராம் அத்தியாயத்தில் அந்த வரி வந்தது.

கதையில் நடுவயசு ஆசிரியை ஒருத்தி. விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறாள். தனியாக இருக்கும் அப்பாவிடமிருந்து போன். குழாய் ஒழுகுகிறது, பேப்பர் வரவில்லை என்று ஒரு நாளைக்கு ஐந்து தடவை கூப்பிடுகிறவர். அவள் எடுக்கவில்லை. மறுபடி அடிக்கிறது. போனைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் விடைத்தாள் கட்டைத் தூக்கி வைக்கிறாள். காகிதத்துக்கு அடியில் மூன்றாம் தடவையும் அது நடுங்கி ஓய்கிறது. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துப் பார்க்கும்போது அப்பா குளியலறைத் தரையில் கிடக்கிறார். "உங்களுக்குப் போன் வரலையா?" என்று கேட்கிறவர்களிடம் அவள் சொல்கிறாள்: "சார்ஜ் இல்லாம அணைஞ்சு கிடந்தது."

அக்காவின் கை விசைப்பலகையின் மேலேயே நின்றுவிட்டது.

அவள் விஷயத்தில் விடைத்தாளுக்குப் பதில் ஒரு மாணவனின் ஆய்வேடு. மற்றதெல்லாம் அப்படியே. இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே மேஜையில், பட்டப்பகல் பதினொன்றரைக்கு. அப்பாவின் போன் தண்ணீரில் ஊறிச் செத்துப்போயிருந்ததால் யாரும் எதையும் சரிபார்க்க வழியில்லாமல் போயிற்று. அவள் சொன்ன சார்ஜ் கதையே நிலைத்துவிட்டது.

அப்படியானால் இவனுக்கு யார் சொன்னது?

முதலில் உதவியாளைச் சந்தேகப்பட்டாள். அன்றைக்கு அந்தப் பெண் வேலைக்கு வந்தாளா? பழைய வருகைப் பதிவேட்டைத் தேடிப் பார்த்தாள். வரவில்லை. அப்புறம் கணவர் ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலம் அவள் அழுதுகொண்டிருக்க, அவளுடைய போனை வாங்கிச் சொந்தக்காரர்களுக்குச் சொன்னவர் அவர்தான். எடுக்காத மூன்று அழைப்புகள் மேலேயே சிவப்பாக நின்றிருக்கும். பார்த்திருப்பார். இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? ஞாயிற்றுக்கிழமைதோறும் மச்சானோடு நடைப்பயிற்சி வேறு.

"தம்பியும் நீங்களும் அப்படி என்னதான் பேசிக்குவீங்க?" என்று துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"கொலஸ்ட்ரால் பத்தி."

"ஒரு மணி நேரமா?"

"எனக்கும் இருக்கு, அவனுக்கும் இருக்கு. ரெண்டு பேரோடதும் சேர்ந்தா பேச விஷயமா இல்ல?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் அவளுக்குச் சரியாகப் படவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் போனில் பேசினால் பக்கத்து அறையில் போய் நின்றுகொண்டாள். காபியை டக்கென்று வைத்தாள். மனுஷனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கடைசியில், இத்தனை வருஷத்தில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தாள். அத்தியாயத்தை மாற்றி அடித்தாள். மூன்று அழைப்பு ஒன்றாயிற்று. விடைத்தாள் கட்டு காணாமல் போயிற்று. போனில் உண்மையாகவே சார்ஜ் இல்லாமல் போயிற்று. தம்பியின் வாக்கிய ஓட்டம் அவளுக்கு அத்துப்படி, ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் தைத்துவிட்டாள். அவனே திரும்பப் படித்தாலும் கண்டுபிடிக்க மாட்டான் என்று நினைத்தாள்.

அச்செடுத்துக் கொடுத்த மூன்றாம் நாள் காலை அவன் கடையில் வந்து நின்றான்.

"அக்கா, பதினொண்ணுல கை வெச்சிருக்கே."

"எழுத்து புரியல. நானா போட்டேன்."

"நாலு பக்கம் புரியலையா? சாயம் பூசற தபால்காரனை மாத்தாம அடிச்சவ நீ. இதுல மட்டும் என்ன?"

அவ்வளவுதான், அவள் பொங்கிவிட்டாள். "யார்ரா சொன்னது உனக்கு? உன் மாமாவா? ஊர் வாயை எல்லாம் மூடி வெச்சேன், வீட்டுக்குள்ளயே ஒருத்தர் இருக்கார்னு தெரியாமப் போச்சே! கூடப் பொறந்தவளை ஊர் சிரிக்க வெச்சுத்தான் உன் புஸ்தகம் விக்கணுமா?"

"மாமா என்ன சொன்னாரு? எனக்கு ஒண்ணும் புரியல."

"நடிக்காதே. மூணு தடவை அடிச்சது, நான் கட்டைத் தூக்கி மேல வெச்சது, எல்லாத்தையும் கிட்ட நின்னு பார்த்த மாதிரி எழுதியிருக்கே!"

தம்பியின் முகம் வெளிறிவிட்டது. பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தான்.

"அக்கா, அப்பா உனக்கும் போன் பண்ணாரா?"

கேள்வியில் இருந்த 'உம்' அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நான் எழுதிட்டிருந்தேன்" என்றான் அவன். "பதினொண்ணே கால் இருக்கும். திரும்பத் திரும்ப அடிச்சுது. எழுதின கத்தையைத் தூக்கி அது மேல வெச்சேன். ஆம்பளையா வெச்சு எழுதிப் பார்த்தேன். வரல. கை ஓடல. பொம்பளையா மாத்தினேன், அப்புறம்தான் எழுத முடிஞ்சுது."

"சார்ஜ் இல்லைன்னு எழுதினியே?"

"அவளுக்கு ஒரு பொய் வேணும். என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல, அதனால என்கிட்ட பொய் இல்ல. நீ அன்னிக்குச் சொன்னதை எடுத்துக்கிட்டேன். அது நெஜம்னு நினைச்சுத்தான் எடுத்தேன்."

பிரிண்டர் எதற்கோ ஒரு தடவை உறுமி அடங்கியது. அவளுக்குக் கணவரின் முகம் நினைவில் வந்து கூசியது. அந்தக் கூச்சத்தோடு இன்னொரு கணக்கும் மனதில் ஓடியது: இவனுக்குப் பதினொன்றே கால், எனக்குப் பதினொன்றரை. முதலில் இவனைத்தான் கூப்பிட்டிருக்கிறார். நினைத்த மாத்திரத்தில் தன் மேலேயே அருவருப்பு வந்தது. அவனும் அதே கணக்கைத்தான் போடுகிறானோ என்று நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப என்ன, இதையும் எழுதப் போறியா?"

அவன் இல்லை என்று சொல்லவில்லை. "அந்த ஆசிரியைக்கு ஒரு தம்பி இருந்ததா வெச்சுக்கலாமான்னு தோணுது" என்றான் மெல்ல. "நீ வேண்டாம்னா இந்த அத்தியாயமே வேண்டாம். கிழிச்சுப் போட்டுடறேன்."

அவன் கிழிக்க மாட்டான் என்று பட்டது. கிழித்தாலும் எங்காவது ஒரு நகல் வைத்திருப்பான். ஆனாலும் கேட்டானே. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பினாள்.

"வெச்சுக்கோ. ஆனா முதல் போன் அவனுக்குத்தான் வந்ததுன்னு எழுதணும்."

"எழுதறேன்."

ஒட்டுப் போட்ட நாலு பக்கத்தையும் அழித்துப் பழையபடி அடித்தாள். பிறகு அவன் சொல்லச் சொல்ல, புதிய பத்தியை அடிக்க ஆரம்பித்தாள். தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது வந்தது. போன் அடிப்பது வந்தது. அப்பா எதற்குக் கூப்பிட்டிருப்பார் என்ற இடத்தில் அவன் நிறுத்திவிட்டான்.

அக்கா காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே அடித்தாள்: 'குழாயைப் பற்றிச் சொல்லத்தான் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.'

தம்பி திரையை எட்டிப் படித்தான். அதை அவன் திருத்தவில்லை.