வின்னி வீட்டில் விழுந்த நாட்கள்

1907 அக்டோபரில், லிவர்பூலில் ஸ்காட்லாந்து ரோட்டுக்குப் பின்னால், வின்னி கெஹோ வீட்டில் மட்டும் ஆயிரம் நாட்கள் விழுந்தன. திங்கட்கிழமை மதியம், பொதுத் துவைப்பகத்திலிருந்து துணி மூட்டையைத் தலையில் சுமந்து வந்து கதவைச் சாத்தினாள். கதவு மறுபடி திறந்தபோது அவளுக்குக் கிட்டத்தட்ட மூன்று வயது கூடியிருந்தது. வெளியே அதே மதியம். பக்கத்து வீட்டு ராஃபர்ட்டியம்மா அதே போர்வையைத்தான் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே பசியில்லை, தூக்கமில்லை, எரிச்சல் மட்டும் இருந்ததாம்.

கணக்கு எளிது. அவள் கணவன் டெனிஸ் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்ட புதுக் கப்பல், பழைய கப்பல்களைவிட அரை நாள் முன்னதாக நியூயார்க் போய்விட்டது. பயணிகள் இரண்டாயிரம் பேர். ஆளுக்கு அரை நாள் மிச்சமென்றால் ஆயிரம் நாள். அது எங்கேயாவது விழுந்துதானே ஆகவேண்டும்? முன்னதாக இறங்கி அந்தச் சீமான்கள் என்னத்தைக் கிழித்தார்கள் என்று கப்பல் பரிசாரகன் ஒருவனைக் கேட்டேன். சுங்க ஆள் வரும்வரை பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்களாம். வயிறு எரிகிறது.

டெனிஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். வயது இருபத்தாறு. "அட்லாண்டிக்கை இவ்வளவு சீக்கிரம் எவனும் தாண்டினதில்லடி!"

"பூட்ஸை வாசல்லயே கழட்டு" என்றாள் வின்னி.

கொஞ்சம் மெதுவாக அள்ளச் சொல்லிக் கெஞ்சினாள். கொதிகலன் அறையில் மணி அடித்தால் வாரிப் போட்டாக வேண்டும், தான் ஒருத்தன் நிறுத்தினால் மேஸ்திரி தோலை உரித்துவிடுவான் என்றான் அவன். அவள் கப்பல் கம்பெனிக்குப் போனாள். குமாஸ்தா மரியாதையாகவே பேசினான்: தாமதத்துக்குத்தான் புகார்ப் படிவம் உண்டு, சீக்கிரம் போனதற்குக் கிடையாது.

அப்புறமும் கப்பல் போனது, ஒவ்வொரு தடவையும் ஆயிரம் நாள் விழுந்தது. "நீ வேகமாப் போகப் போக, எனக்கு நீ வர்றதுக்கு வருஷமாகுது" என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அடுத்த தடவை கட்டாயம் மெதுவாக அள்ளுவதாகச் சொல்லிவிட்டுப் போவான். மணிச் சத்தம் கேட்டால் அந்தப் பாவியின் கை நிற்காது.

ஏழாவது பயணம் முடிந்து வந்தான். கதவைத் திறந்தவளைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி, "வின்னி இருக்காளாம்மா?" என்று கேட்டான்.

"இருக்கா. பூட்ஸை வாசல்லயே கழட்டு."

அவன் படியில் உட்கார்ந்தான். ஒரு பூட்ஸ் கழற்ற வெகுநேரமானது.

அதற்குப்பின் அவன் கடலுக்குப் போகவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். அந்த வீட்டிலும் நாளுக்கு ஒரு நாள்தான் விழுந்தது. இருவருக்கும் ஒரே அளவில் வயதானது, அதுதான் கொடுமை. ஞாயிறு பூசைக்குப் புதிதாக வருகிறவர்கள், அம்மாவை இப்படிக் கைபிடித்துக் கூட்டிவரும் பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்பார்கள். டெனிஸ் நன்றி சொல்லிவிட்டு, அவள் மண்டியிட இடம் ஒதுக்கிக் கொடுப்பான்.