மூன்று முறை வந்த வண்டி

சரக்கு ஆட்டோவிலிருந்து இறக்கிய வண்டியைப் பார்த்ததுமே நசுருதீனுக்கு அது யாருடையது என்று தெரிந்துவிட்டது. பின்சக்கரம் நெளிந்து, மட்கார்டு உள்ளே மடங்கி, டெயில்லைட் இருந்த இடத்தில் வயர்கள் தொங்கின. டேங்கும் எஞ்சினும் மட்டும் அப்படியே இருந்தன. இருபத்தைந்து வருடப் பழைய பைக். அந்தக் கறுப்பு டேங்கை அவன் கையாலேயே கழற்றி மாட்டியிருக்கிறான்.

மதுக்கரை சென்னகிருஷ்ணன் இறந்துபோன செய்தி மூன்று மாதத்துக்கு முன்பே குனியமுத்தூரில் இருந்த அவன் ஒர்க்ஷாப்புக்கு வந்து சேர்ந்திருந்தது. அன்னூரைத் தாண்டி லாரி மோதிவிட்டது என்றார்கள். துக்கத்துக்குப் போக வேண்டும் என்று நினைத்தான். போகவில்லை.

ஆட்டோவின் முன்சீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள்.

"நான் அவர் சம்சாரமுங்க, ரங்கம்மாள். நேத்துத்தான் ஸ்டேசன்ல வண்டியக் குடுத்தாங்க."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"ஓட்டறதுக்குச் சரி பண்ண வேண்டாமுங்க பாய். இதுல ஏதாச்சும் கோளாறு இருந்துச்சான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"இப்ப எதுக்குங்கம்மா அது?"

சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டே அவள் சொன்னாள். முன்னால் போன வண்டி நடுரோட்டில் காரணமே இல்லாமல் நின்றது, எதிரே ஆளில்லை, குழியில்லை, தான் பிரேக்கை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று லாரி டிரைவர் போலீசில் எழுதிக் கொடுத்திருந்தான். சென்னகிருஷ்ணன் தன் லேத் பட்டறையை அதற்கு நான்கு மாதம் முன்புதான் மூடியிருந்தார். அதிலிருந்து வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேச்சில்லை. சொந்தக்காரர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

"வேணும்னே நிறுத்திப்போட்டாருன்னு பேசறாங்க. எம் பொண்ணு லாஸ்யா காதுலயும் அது உழுந்துருச்சுங்க. பன்னெண்டாவது படிக்கறா. நம்மள உட்டுப்போட்டுப் போயிட்டாருன்னு ஒரே வார்த்ததான் சொன்னா. அப்பறம் அவரப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டீங்கறா." அவள் வண்டியைப் பார்த்தாள். "வண்டி நின்னு நின்னு போகுதுன்னு அவர் சொல்லீட்டேதான் இருந்தாருங்க. பாயே ஒண்ணுமில்லீன்னு சொல்லீட்டாரு, அப்பறம் என்னன்னு நாந்தான் அவர் வாய அடைச்சேன்."

அவள் போன பிறகும் நசுருதீன் ஸ்பேனரை எடுக்கவில்லை. விபத்துக்கு முன் சென்னகிருஷ்ணன் இந்த வண்டியோடு மூன்று முறை வந்திருந்தார். முதல் முறை பிளக்கை மாற்றினான். இரண்டாம் முறை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். மூன்றாம் முறை அவர் தயங்கித் தயங்கித்தான் கடைக்குள் வந்தார்.

"ஏனுங் பாய், சத்தியமங்கலம் போறப்ப அன்னூர் தாண்டுனா பொட்டுனு நின்னுருதுங்க. ஒரு டீ குடிச்சுப்போட்டு வந்து ஒதச்சா, ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடுது."

அன்று கடையில் ஐந்து வண்டிகள் காத்திருந்தன. நசுருதீன் அதை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிட தூரத்தில் இருந்த ஆத்துப்பாலம் வரை ஒரு சுற்றுப் போய் வந்தான். எஞ்சின் ஒரு முறைகூடத் திக்கவில்லை.

"நல்லாத்தானுங்ணா இருக்குது. நீங்களா மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

சென்னகிருஷ்ணன் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர் போலச் சிரித்துவிட்டுக் கிளம்பினார். அதன்பிறகு வரவில்லை.

மறுநாள் காலை நசுருதீன் அறுந்த வயர்களைச் சேர்த்தான். புதுப் பெட்ரோல் ஊற்றி, எஞ்சினுக்கு முன்னால் ஃபேனைத் திருப்பி வைத்து, கிக்கரை உதைத்தான். நான்காவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பத்து நிமிடம் ஓடியது. இருபது நிமிடம். அரைமணி நேரமாகியும் சத்தத்தில் மாற்றமில்லை. நின்றுவிடக் கூடாது, நின்றுவிடக் கூடாது என்று தான் உள்ளுக்குள் முனகிக்கொண்டிருப்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இது நிற்காவிட்டால் அந்த மனிதர் தானாகச் செத்தார் என்று ஆகும். அதைத்தான் அவன் வேண்டிக்கொண்டிருந்தான்.

நாற்பதாவது நிமிடத்தில் எஞ்சின் நின்றது. திக்கவில்லை, திணறவில்லை. சுவிட்சை அணைத்ததுபோல நின்றது.

பிளக்கைக் கழற்றிக் கிக்கரை உதைத்துப் பார்த்தான். பொறி வரவில்லை. பக்கத்து மூடியைத் திறந்து, பிளக்குக்குப் பொறியைத் தூண்டிவிடும் பல்சர் காயிலில் மீட்டரை வைத்தான். முள் அசையவில்லை. பத்து நிமிடம் கழித்து, சூடு ஆறிய பிறகு வைத்தான். முள் சரியான இடத்தில் போய் நின்றது. காயிலுக்குள்ளே எங்கோ தலைமுடி போன்ற கம்பி ஒன்று, சூடேறினால் விலகி, ஆறினால் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடி ஓட்டிப் பார்த்தான். முப்பத்தெட்டு நிமிடம்.

கட்டைவிரல் அளவு சாமான். மாற்றுவதற்கு அரைமணி நேரம் போதும். தூரம் போனால் நிற்கிறது, டீ குடிக்கும் நேரம் விட்டால் ஓடுகிறது என்று சென்னகிருஷ்ணன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

மதியம் சாப்பாட்டோடு வந்த ஜன்னத், கணவன் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"ஒண்ணும் தெரியலீன்னு சொல்லிரலாமா ஜன்னத்? யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் டிபன் பாக்சைக் கீழே வைத்தாள்.

"அந்தப் புள்ளைக்குத் தெரியாதுங்க" என்றாள். "அப்பன் வேண்டாம்னு போயிட்டான்னு நெனச்சுட்டே இருக்குமுங்க, காலத்துக்கும்."

சாயங்காலம் பஸ் ஏறி மதுக்கரைக்குப் போனான். ரங்கம்மாள் கதவைத் திறந்தாள். லாஸ்யா புத்தகத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவன் காயிலைக் காகிதத்திலிருந்து பிரித்து வைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அவர் மூன்றாம் முறை வந்த அன்றைக்குத் தான் ஆத்துப்பாலம் வரை மட்டுமே ஓட்டிப் பார்த்ததையும் சொன்னான்.

ரங்கம்மாள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "கேட்டியா அம்மணி? வண்டிதான் நின்னுருக்குது. அப்பா நிறுத்தல. கேட்டியா?" வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள்.

லாஸ்யா காயிலைத் தொடவில்லை. அவனைப் பார்த்தாள்.

"அன்னிக்கும் இதனாலதான் நின்னுச்சுன்னு உறுதியாச் சொல்லுவீங்களா?"

இந்தக் காயில் நிற்கவைக்கும் என்பது அவனுக்கு உறுதி. அன்று, அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் நிறுத்தியது இதுதானா என்று எந்த மீட்டரும் காட்டாது. சென்னகிருஷ்ணனின் கை என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது.

"உறுதியாத்தான் கண்ணு" என்றான்.

"கண்டுபுடிக்க எத்தன நேரமாச்சுங்க?"

"நாப்பது நிமிசம்."

"எங்கப்பா மூணு தடவ வந்தாருங்களா?"

"வந்தாரு."

அவள் புத்தகத்தை மூடினாள். எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரங்கம்மாளின் அழுகை மெல்ல நின்றது. அவள் சாத்திய கதவைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"நீங்க கெளம்புங்க பாய்."

குரலில் கோபமில்லை. எதுவுமே இல்லை. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப்பில் சிமெண்ட் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. இரண்டு பஸ்கள் நின்று புறப்பட்டன. அவன் ஏறவில்லை. மூன்றாவது பஸ் தூரத்தில் தெரிந்தபோது போன் அடித்தது. காலையில் வண்டி விட்டுப்போன ஆள்.

"பாய், வண்டி ரெடிங்களா? நாளைக்குப் பழனி போகோணும். எல்லாம் சரியாத்தான இருக்குது?"

கியர் கேபிள் மட்டும்தான் அதில் வேலை. முடித்தும் வைத்திருந்தான்.

"தெரியலீங்க" என்றான் நசுருதீன்.

"என்னங்க பாய், தெரியலீங்கறீங்க?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இவனைப் பார்த்து விசில் ஊதினார். காதில் போனை வைத்துக்கொண்டு அவன் அங்கேயே நின்றிருந்தான்.