இன்றைக்கு மூன்று

ரோஜாப் புதரின் முள்ளில் கோட்டு மாட்டிக்கொண்டதும், எழுபத்தாறு வயதுக்காரி சொல்லக் கூடாத ஒரு வார்த்தை பிர்தேயின் வாயிலிருந்து வந்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. தலை புதருக்கு அடியில், பின்பக்கம் வெளியே, இரண்டு முழங்காலும் சேற்றில். பதினொரு நாளாகச் சூரியன் எட்டிப் பார்க்கவில்லை. மூடுபனி வேலிவரைக்கும் வந்து குந்திக்கொண்டிருந்தது. இந்த அழகில் அவள் சந்தோஷமான சமாசாரம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் புருஷன் எய்னரால் வந்த வினை. நவம்பரில் அவருடைய கட்டிலைத் தோட்டத்து ஜன்னலோரம் இழுத்துப் போட்டபோது, "மாத்திரையெல்லாம் நர்ஸுங்க தருவாங்க. நீ தினம் தோட்டத்துலேர்ந்து மூணு நல்ல சேதி கொண்டா. பொய் மட்டும் கூடாது" என்று சொல்லிவிட்டார். டிசம்பரில் ஒருநாள் குளிருக்குச் சோம்பி, ரோஜா மொட்டு விட்டிருக்கிறது என்று பிர்தே ஒரு புளுகு புளுகிப் பார்த்தாள். "எங்க, கொண்டா பாக்கலாம்" என்று பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவள் ரப்பர் பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

இன்று காலை வந்த நர்ஸ் மாலேனே, கிளம்பும்போது வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு எங்கயும் போகாதீங்க பிர்தே. பக்கத்துலயே இருங்க."

பக்கத்தில்தான் இருந்தாள். எய்னர்தான் கண்ணைத் திறந்து, "என்ன, இன்னிக்கு லீவா?" என்றார். குரல் தொண்டைக்குள்ளேயே கிடந்தது.

"வெளிய ஒண்ணுமே தெரியல. ஒரே பனி."

"தெரிஞ்சா எதுக்குத் தேடணும்?"

ஓட்டமாகப் போய் இரண்டு கொண்டுவந்தாள். கவிழ்த்துவைத்த பூந்தொட்டிக்குள் ஒரு நத்தை கதவை அடைத்துக்கொண்டு தூங்குகிறது. விறகு அடுக்கின் இடுக்கில் ஏழு பொறிவண்டுகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கின்றன. எய்னருக்குப் பொறிவண்டு பிடித்துப்போயிற்று. எது மேலே, எது அடியில் என்றெல்லாம் கேட்டார்.

"போதும், தூங்கு" என்றாள்.

"மூணுன்னா மூணு."

"இந்த நேரத்துலயும் பேரமா?"

"இப்ப விட்டா எப்பப் பேசறது? போயிட்டு வா. நான் எங்க ஓடிப்போகப் போறேன்?"

அதனால்தான் இந்தப் புதர், இந்தச் சேறு. மூன்றாவது கிடைத்துவிட்டால் ஆள் நாளைக்கும் இருப்பார், நாளைக்கும் மூன்று வேண்டுமே என்று அவள் மனசு ஒரு பைத்தியக்காரத் தர்க்கம் பேசிக்கொண்டிருந்தது. கிடைக்காமல் உள்ளே போக அவளுக்குப் பயமாக இருந்தது. சருகை விலக்கினாள். முள்ளிலிருந்து விடுபட இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். திட்டினாள். தலையைத் திருப்பியவள் மூக்குக்கு நேரே, பச்சைக் கழுத்துப்பட்டி வைத்துக்கொண்டு ஒரு மஞ்சள் பூ நின்றது. விரல் நுனி அளவுதான். இந்த வருஷத்தின் முதல் பூ.

பூவைக் கிள்ளிக்கொண்டு, கிழிந்தால் கிழியட்டும் என்று கோட்டை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கெடச்சிருச்சு!" பூட்ஸைக் கழற்றும்போதே சமையலறையிலிருந்து கத்தினாள். "சொன்னா நீ நம்ப மாட்டே! மஞ்சள் பூ! ஜனவரி பாதிகூட ஆகல!"

பூவைப் பிடித்தபடி அறைக்குள் ஓடினாள்.

எய்னரின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கை சூடாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் கையில் ஆள் இல்லை.

இருபது நிமிஷம். ஐம்பத்திரண்டு வருஷம் ஒட்டிக்கொண்டே இருந்துவிட்டு, வேண்டிய இருபது நிமிஷத்தில் அவள் சேற்றில் பூப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னை வெளிய தொரத்திட்டு நீ பாட்டுக்குக் கெளம்பிட்டியா?" என்று அவர் தோளில் அடித்தாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்து அழுதாள். தனியாக விட்டுவிட்டேனே, தனியாக விட்டுவிட்டேனே என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

அழுது முடித்து, செய்ய வேண்டியதைச் செய்தாள். மாலேனேவுக்கு போன் செய்தாள். போகிற உயிர் போகட்டும் என்று, அந்த ஊர் வழக்கப்படி ஜன்னலை அகலத் திறந்துவைத்தாள். பூவை அவர் விரல்களுக்கிடையில் செருகினாள். அலமாரியிலிருந்து தேசியக் கொடியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கொடிக்கம்பத்துக்கு வந்தாள்.

சாவு வீட்டில் கொடி பாதிக் கம்பத்தில் நிற்க வேண்டும். அதற்காக நேரே பாதியில் கட்டிவிடக் கூடாது. உச்சிவரை ஏற்றி, அப்புறம்தான் இறக்க வேண்டும். ஏற்றினாள். ஈரக் கயிறு மேலே உருளையில் சிக்கிக்கொண்டது. இழுத்தாள், உதறினாள், தொங்கியும் பார்த்தாள். கொடி உச்சியில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

"வாழ்த்துகள்! வாழ்த்துகள்!"

பக்கத்து வீட்டு ஹென்னிங், வேலிச் சந்து வழியாக வந்துகொண்டிருந்தார். காலில் வீட்டுச் செருப்பு, ஒரு கையில் ரொட்டிப் பை, இன்னொரு கையில் பாட்டில். அந்தத் தெருவில் உச்சியில் கொடி பறந்தால் பிறந்த நாள் என்றுதான் அர்த்தம்.

"யாருக்குப் பொறந்த நாள்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவனைப் பாத்தப்பவே நெனச்சேன், இன்னிக்கு ஏதோ விசேஷம்னு!"

பிர்தே கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். "யாரைப் பாத்தே?"

"எய்னரைத்தான். இப்பக் கொஞ்சம் முன்னாடி. குருவிக்குத் தீனி கட்ட வேலிப் பக்கம் வந்தேன். ஜன்னல்ல அவன். என்னைப் பாத்துட்டு ஒரு விரலைத் தூக்கி உன்னைக் காட்டறான். நீ புதருக்குள்ள மாட்டிக்கிட்டு, பின்னாடி ஆட்டி ஆட்டி… தப்பா எடுத்துக்காத பிர்தே. அவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே! தோள் ரெண்டும் குலுங்குது. எனக்கும் அடக்க முடியல, தீனியக் கீழ போட்டுட்டேன். நீ பூவோட எந்திரிக்கற வரைக்கும் உம்மேலேர்ந்து கண்ணை எடுக்கல அவன். எங்க, உள்ளதான…"

ஹென்னிங் ஜன்னலைப் பார்த்தார். ஜனவரியில் அது அகலத் திறந்து கிடந்தது. பையையும் பாட்டிலையும் மெதுவாகப் புல்லில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"எப்போ?"

"நான் உள்ள வர்றதுக்குள்ள."

 அவர் அவள் கையிலிருந்து கயிற்றை வாங்கி, பலமாக ஒரு சுண்டு சுண்டினார். மேலே உருளை கிறீச்சிட்டு விட்டுக்கொடுத்தது. கொடி ஒரு சாண் இறங்கியது.

பிர்தே அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. அந்தச் சிரிப்பைக் காட்டு."

"என்னது?"

"தோள் எப்படிக் குலுங்கிச்சு? காட்டு."

நனைந்த செருப்போடு, கண்ணில் நீர் ஓட, ஹென்னிங் ஜன்னலைப் பார்த்தபடி தோளைக் குலுக்கினார்.

"அப்படி இருக்காது" என்றாள் பிர்தே. "இன்னும் கொஞ்சம் மெதுவா."

ஹென்னிங் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கயிற்றை விடாமல், மறுபடி குலுக்கினார்.